துரைக்கு எதிரே நில்

நம் வயதுக்காரர்களில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறீர்களோ தெரியவில்லை. இருக்கிறவர்களும் காது மந்தமாகி, பிள்ளைகள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு கிடக்கிறீர்கள் என்று கேள்வி. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். கோட்டையில் ஒல்லாந்துக்காரன் கொடி பறந்த காலத்தில், ஒரு துரை வந்து பித்தளை வட்டத்தை வைத்து ஏரியை அளந்தானே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரில் கால் நனைக்காமலே அளந்தான். என் வீட்டுப் பொடிசுகளிடம் சொன்னால், "போ, கத வுடாத" என்கிறார்கள். இந்த வயதில் கதை விட்டு நான் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறேன்?

எங்கள் ஊர் ஏரியின் மேற்குக் கரை. நேர் கிழக்கே தீவு. நடுவில் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. தை மாதத்துக் காலையில் பனி விலகும்போது தீவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அங்கே அடுப்பு மூட்டுகிற புகை, நாய் குரைக்கிற சத்தம், யாரோ யாரையோ வைவது எல்லாம் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வெயில் ஏற ஏறத் தீவு பின்வாங்கும். உச்சி வேளையில் அது தண்ணீரை விட்டு எழும்பி, அடியில் ஒரு வெள்ளைக் கோடு தெரிய, அந்தரத்தில் நிற்கும். பனைமரங்கள் இரட்டையாகத் தெரியும். பூநாரைகள் கூட்டமாக இறங்கினால் எது பறவை, எது வெயில் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"காலைல கிட்ட வருது, மத்தியானம் எட்டப் போது" என்று அக்கா சொல்வாள். நான் அதை அப்படியே நம்பினேன். தீவு மாடு மாதிரி மேய்ந்துகொண்டு நகர்கிறது, சாயங்காலம் யாரோ ஓட்டிவந்து பழைய இடத்தில் கட்டுகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 

அக்கா தீவையே பார்த்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு மாப்பிள்ளை அங்கேதான். எங்கள் நைனா எங்கள் ஊருக்கு நாட்டார். மீன்பிடிக்கிற ஊரில் தலைவரை அப்படித்தான் சொல்வது, உங்களுக்குத் தெரியாததா. தீவு நாட்டாரின் மூத்த மகனுக்கு அக்காவைப் பேசி, மழைக்கு முன்னாலேயே பரிசம் போட்டாகிவிட்டது. பங்குனியில் கல்யாணம். எங்களுக்கு அம்மா இல்லை. நான் தவழும் முன்னே போய்விட்டாள். வளர்த்தது நைனாவின் தங்கை, எங்கள் அத்தை. அவள் வாய்க்கு முன்னால் ஊரில் எவனும் நிற்க மாட்டான்.

"இன்னாடி அப்பிடிப் பாத்துகினு நிக்கற? தீவு எங்கியும் ஓடிடாது, கருவாட்டத் திருப்பிப் போடு" என்பாள். அக்கா சிரிக்காமல் கருவாட்டைத் திருப்பிப் போடுவாள். காது மட்டும் சிவந்துவிடும். 

மணல்மேல் காய்கிற மடவைக் கருவாட்டின் வாசனையும், அக்கா தலையில் வைத்த தாழம்பூ மடலின் வாசனையும் கலந்து ஒரு வாசனை வரும். அந்தக் கலவை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். 

இனி சண்டைக்கு வருகிறேன். ஏரியில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்பதற்குப் பாடு என்று பெயர். நடுவில் ஒரு சேற்றுப் பாடு இருந்தது. வெள்ளிறால் அங்கேதான் வந்து மேயும். நடுவுக்கு அந்தண்டை தீவுக்கு, இந்தண்டை எங்களுக்கு என்று முன்னோர் காலத்துப் பேச்சு. பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நடு எது என்பதை மட்டும் யாரும் சொல்லிவைக்கவில்லை! அவர்கள் ஒரு கம்பு நடுவார்கள். நம் ஆட்கள் பிடுங்குவார்கள். நம் ஆட்கள் ஒன்று நடுவார்கள். மறுநாள் அது கரை ஒதுங்கும். ஒரு தரம் இரண்டு ஊரும் சேர்ந்து கயிறு பிடித்து அளக்கப் பார்த்தார்களாம். கயிறு நனைந்து நீண்டு, ஓட்டத்தில் வளைந்து, அளந்து முடிப்பதற்குள் அடிதடியாகிவிட்டது. 

அந்த வருஷம் இறால் குறைச்சல். எங்கள் ஊரில் பாதி வீட்டில் ஒரு வேளைதான் உலை. திருப்பாலைவனத்துப் பக்கமிருந்து நெல் கொண்டுவருகிறவர்கள் கருவாடு இல்லாமல் மூட்டையை அவிழ்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள். சேற்றுப் பாட்டில் இரண்டு ஊர்ப் படகும் முட்டிக்கொண்டு, நம் ஆள் ஒருவனுக்குக் கை ஒடிந்தது. விஷயம் கோட்டைக்குப் போயிற்று. 

கோட்டையில் அப்போது ஏரியைப் படம் எழுத ஒரு துரை வந்திருந்தான். அவனுக்கும் நமக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு துபாஷி. வெள்ளைத் தலைப்பாகை, காதில் கடுக்கன், வாயில் எப்போதும் வெற்றிலை. அவர் வந்து இரண்டு நாட்டாரையும் உட்காரவைத்துப் பேசினார். 

"தொர அளந்து நடு எதுன்னு சொல்லுவாரு. அங்க கம்பு நடலாம். அதுக்கப்புறம் பேஜார் பண்ணக்கூடாது. இன்னா சொல்றீங்க?"

"அளந்து எங்க வருதோ அங்க" என்றார் நைனா. 

"அதான் எங்க பேச்சும்" என்றார் தீவு நாட்டார். 

சம்பந்திகள் இருவரும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். அத்தை எங்களைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

துரை வந்த அன்று ஊரே கரையில் நின்றது. ஒல்லி ஆசாமி. மூக்கு உரிந்து சிவந்திருந்தது. பத்து அடி நடந்தால் நின்று இருமுவான். அவன் மேல் கற்பூரமும் புகையிலையும் கலந்த வாடை. ஆனால் அவன் பெட்டியிலிருந்து எடுத்தானே ஒரு வட்டம்! தாம்பாளம் அகலம், முழுக்கப் பித்தளை. விளிம்பு முழுக்க மயிரிழை மாதிரி கோடுகள். நடுவில் சுழல்கிற ஒரு சட்டம், அதன் இரண்டு முனையிலும் நிற்கிற தகடு, தகட்டில் பிளவு, பிளவில் ஒற்றைக் குதிரை மயிர் இழுத்துக் கட்டியிருந்தது. அந்த மயிர் வழியாகத்தான் அவன் உலகத்தைப் பார்ப்பான். வெயில் பட்டு வட்டம் மின்னும்போது ஊர்ப்பிள்ளைகள் முகத்திலெல்லாம் மஞ்சள் ஒளி ஓடும். அதைக் கையால் பிடிக்கப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. 

கரையில் வடக்கே ஒரு முளை, தெற்கே ஒரு முளை அடித்தார்கள். இரண்டுக்கும் நடுவே இரும்புச் சங்கிலியைப் போட்டு நீளம் அளந்தார்கள். தீவுக் கரையில் ஒரு ஆள் வெள்ளைக் கொடி பிடித்து நிற்க வேண்டும். யார் பிடிப்பது? மாப்பிள்ளைதான் பிடித்தார். துபாஷி விடியற்காலையிலேயே படகில் போய், அவரிடம் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்பினார். 

"கம்மனு நின்னுகினு ஏரிய எப்பிடிங்க அளப்பாரு?" என்று அத்தை அவரைப் பிடித்துக்கொண்டாள். 

துபாஷிக்கு எடுத்துச் சொல்வதில் ஆசை உண்டு. வெற்றிலையைத் துப்பிவிட்டு மணலில் குச்சியால் கோடு போட்டார். "இது கர. இது ரெண்டு முள. அங்க தீவுல கொடி. மூணையும் சேத்தா முக்கோணம். இந்த முளையில நின்னு கொடியப் பாத்தா ஒரு மூலை. அந்த முளையில நின்னு பாத்தா இன்னொரு மூலை. கரையில நீளத்தச் சங்கிலி சொல்லிடுது. மூலைய வட்டம் சொல்லிடுது. மீதிய இது சொல்லும்" என்று துரையின் பக்கத்திலிருந்த தடிப் புத்தகத்தைக் காட்டினார். 

"அதுல இன்னா கீது?"

"நாண் கணக்கு. வில்லுக்கு நாண் இல்ல? வில்லு கொஞ்சம் விரிஞ்சா நாண் சின்னது, அதிகம் விரிஞ்சா நாண் பெருசு. எந்த மூலைக்கு எந்த நாண்னு பக்கம் பக்கமாப் போட்டு வச்சிருக்கான். கரையில நீளத்துக்கு ஒரு நாண்னா, தண்ணி மேல நீளத்துக்கு இன்னொரு நாண். ரெண்டும் ஒரே விகிதம். ஆனா ஒண்ணு, ரெண்டு முளையில நின்னும் ஒரே இடத்தப் பாக்கணும். அது தப்பினா எல்லாம் தப்பு."

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும்தான். மோர்ப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்ற அக்கா மட்டும் மணலில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். துரைக்கும் ஆட்களுக்கும் மோர் கொடுப்பது அவள் வேலை. கொட்டாங்கச்சி பிடிப்பது என் வேலை. 

அந்த நாள் இன்னும் என் கண்ணில் மிதக்கிறது. காலையில் துரை வடக்கு முளையில் நின்று குதிரை மயிர் வழியாகப் பார்த்தான். தீவுக் கரையில் வெள்ளையாக ஒரு பொட்டு. அதன் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு. மாப்பிள்ளை கட்டம் போட்ட சிவப்புத் துண்டைத் தலையில் கட்டியிருந்தார். துரை எழுதிக்கொண்டான். அதற்குள் வெயில் ஏறி, அவனுக்குத் தலை சுற்றி, கூடாரத்தில் படுத்துவிட்டான். உச்சி சாய்ந்த பிறகு எழுந்து, வட்டத்தைத் தூக்கிக்கொண்டு தெற்கு முளைக்குப் போனார்கள். கூட்டமும் போயிற்று. மோர்ப்பானையும் போயிற்று. தீவு அப்போது அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தது. நான் பூநாரைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அக்கா மட்டும் எங்கேயோ நின்று நின்று வந்தாள். "ஜல்தி வாடி, மோர் புளிச்சிடும்" என்று அத்தை கத்தினாள். 

துரை தெற்கு முளையிலும் பார்த்தான், எழுதினான், புத்தகத்தைப் புரட்டினான், பெருக்கினான், வகுத்தான். பொழுது சாயும் நேரத்தில் துபாஷி எழுந்து நின்று சொன்னார். அகலம் நாங்கள் நினைத்ததைவிடப் பாதிக்குப் பாதி அதிகமாக இருந்தது. மறுநாள் துரையும் அவன் உதவிக்காரனும் ஆளுக்கொரு முளையில் நின்று கைகாட்டிப் படகை நகர்த்தி, நடு வந்த இடத்தில் கம்பு நட்டார்கள். சேற்றுப் பாடு முழுசும் எங்கள் பக்கம் வந்துவிட்டது. 

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. கை ஒடிந்தவன்கூட ஒற்றைக் கையால் தப்பு அடித்தான். தீவு நாட்டார் கம்புக்குப் பக்கத்தில் தன் படகில் நின்றபடியே கேட்டார்: "எங்க தீவு இன்னா, ராவோட ராவா நகந்து போச்சா? இந்த எடத்துலருந்து எங்க கர எவ்ளோ கிட்ட கீது, கண்ணால பாருய்யா!"

"அளந்து எங்க வருதோ அங்கனு நீயும்தான சொன்ன" என்றார் நைனா. 

தீவு நாட்டார் படகைத் திருப்பிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் கம்பு பிடுங்கிக் கிடந்தது. அதற்கு மறுநாள் தீவிலிருந்து ஒரு படகு வந்தது. பரிசத்தன்று நாங்கள் கொடுத்த வெற்றிலைத் தாம்பாளத்தை அப்படியே கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார்கள். மேலே உலர்ந்த வெற்றிலை. கொண்டுவந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "தொர வந்து மறுபடியும் கம்பு நடறப்போ வருவோம். அங்கியே நடறதுன்னா, சம்பந்தம் இதோட சரி. வேற எடம் பாத்துக்கிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 

அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பரிசம் திரும்பின பெண்ணை நம் பக்கத்தில் யார் கேட்டு வருவார்கள், சொல்லுங்கள். ஆரம்பாக்கத்தில் ஒருத்தி அப்படி ஆகி, கடைசியில் மூன்று பிள்ளைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். நைனா கருவாட்டுக் கூடையைக் கட்டியபடி, "போனாப் போது. ஊருக்குச் சோறு வந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அக்கா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கு நைனாவைக் கடிக்க வேண்டும் போல இருந்தது. 

இரண்டு மூன்று நாள் அக்கா வெளியே வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம், என் கையைப் பிடித்துக்கொண்டு கருவாடு காய்கிற மணலுக்கு இழுத்துப்போனாள். வலை பின்னுகிற நூல் உருண்டை ஒன்று கொண்டுவந்திருந்தாள். மணலில் இரண்டு குச்சி நட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு நூலைக் கட்டினாள். எதிரே கொஞ்ச தூரத்தில் என்னை ஒரு குச்சி பிடித்து உட்காரச் சொன்னாள். 

"நீதான் தீவு. ஆடாம ஒக்காரு."

நான் தீவாக உட்கார்ந்தேன். முதல் குச்சியிலிருந்து நூலை என் குச்சிக்கு நேராக இழுத்து, அது போகிற வழியெல்லாம் மணலில் நீளக் கோடு கிழித்தாள். 

"இப்போ கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி ஒக்காரு. நான் ரெண்டாவது குச்சிக்குப் போறேன் பாரு, அதே பக்கம்."

தள்ளி உட்கார்ந்தேன். இரண்டாவது குச்சியிலிருந்தும் அப்படியே என்னைப் பார்த்து நூல் இழுத்துக் கோடு கிழித்தாள். இரண்டு கோடும் என்னிடம் சேரவில்லை. என்னைத் தாண்டிப் போய், எனக்குப் பின்னால், காய்கிற மடவைகளுக்கு நடுவில் எங்கேயோ போய்ச் சேர்ந்தன. அக்கா அந்தச் சேர்ந்த இடத்துக்கு நடந்துபோய் நின்றாள். காற்றில் நூல் மினுமினுவென்று ஆடியது. 

"இங்க தீவே இல்லடி" என்றாள். "தொர இங்க ஒரு தீவக் கண்டுபுடிச்சிருக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை. கணக்குத் தப்பு என்று தெரிந்துவிட்டதே, போய்ச் சொல்ல வேண்டியதுதானே? சொன்னால் முதல் கேள்வி என்ன வரும் என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும். 

மாசி கடைசியில் துரை வந்தான். இந்தத் தடவை துப்பாக்கிக்காரர்களும் வந்தார்கள். வலை காயப்போடுகிற மேட்டில் கூட்டம். ஒரு பக்கம் எங்கள் ஊர், ஒரு பக்கம் தீவு ஆட்கள். மாப்பிள்ளை தன் நைனாவுக்குப் பின்னால் தலை குனிந்து நின்றார். பெண்கள் நாங்கள் வலைகளுக்குப் பின்னால். துபாஷி, "கம்பு பழைய எடத்துலயே. இனி எவன் புடுங்கினாலும் கோட்டையில கட்டி வெப்பாங்க" என்றார். தீவு நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்புகிறார் என்று அர்த்தம். 

அக்கா வலையை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அத்தை அவள் முந்தானையைப் பிடித்தாள். முந்தானை அத்தை கையில் இருந்தது, அக்கா நிற்கவில்லை. 

"கொடி ஒரே எடத்துல நிக்கல" என்றாள். "காலைல ஒரு எடம். தொர தெக்கு முளைக்குப் போனதும், கொடியும் தெக்க போச்சு."

நைனா எழுந்தார். 

"நீ இன்னாத்துக்குடி அந்தப் பக்கம் பாத்த?"

பார்த்தீர்களா, கேள்வியை! அக்கா மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துபாஷி துரையின் காதில் எல்லாவற்றையும் சொன்னார். துரை ஏதோ கேட்டான். 

"அவ்ளோ தூரத்துல கொடி நகந்தது ஒனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்கறாரு. அவரு கண்ணுக்கே தெரியலயாம். தப்பா இருந்தா இந்த வெயில்ல மறுபடியும் அளக்கணும், உஷாரா பதில் சொல்லும்மா."

அக்கா நிமிர்ந்தாள். "கொடிய நான் பாக்கல" என்றாள். "கொடி புடிச்சவரப் பாத்தேன். காலைலருந்து பொழுது சாயற வரிக்கும் பாத்தேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் மேடு முழுக்கச் சிரிப்பு. நான் ஓடிப்போய் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டேன். அவள் அன்றைக்குப் பட்ட வெட்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை. 

தீவு நாட்டார் மகனைத் திரும்பிப் பார்த்தார். "நகந்தியாடா?"

"ஆமா நைனா."

"இன்னாத்துக்கு?"

"துபாஷிதான் சொன்னாரு" என்றார் மாப்பிள்ளை, பாவம், முகம் வெளுத்துப்போய். "தொரைக்கு எதிரா நில்லுனாரு. கொடியச் சாய்க்காதனாரு. தொர தெக்க போனாரு. அவருக்கு எதிரா நானும் தெக்க போனேன். ஒரு ஓட குறுக்க வந்துச்சு, அதுக்கு மேல போக முடில. மரியாதையா இருக்காதேனு கஷ்டமாத்தான் இருந்துச்சு."

துபாஷி இரண்டு கையாலும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். "அட ராமா! எதிர்க்கரையில நில்லுனு சொல்றதுக்கு எதிரா நில்லுனு சொல்லிட்டேனே!"

"தொரைக்கு எதிரயா, மோர்ப்பானைக்கு எதிரயா?" என்று அத்தை வலைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். தாம்பாளம் வந்த அன்று அழுதவள்தான். இரண்டு ஊரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான் நான் கேட்டேன். 

நைனா சிரிக்கவில்லை. 

துரைக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததும் அவனும் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அமைதியாகி எதையோ சொன்னான். துபாஷி எடுத்துச் சொன்னார்: முக்கோணத்தின் மூன்று மூலையும் சேர்ந்தால் அரை வட்டம் வந்தாக வேண்டும். அன்றைக்குக் காய்ச்சலில் தீவுக்குப் போய் மூன்றாவது மூலையைப் பார்க்காமல் விட்டது தன் தப்பு. மறுபடி அளப்போம். 

அளந்தார்கள். இந்தத் தடவை தீவில் கொடியை ஆள் பிடிக்கவில்லை; ஆழக் குழிதோண்டி நட்டார்கள். துரை படகேறித் தீவுக்கே போய், கொடியின் அடியில் வட்டத்தை வைத்து மூன்றாவது மூலையையும் பார்த்தான். சேர்த்தான். அரை வட்டம் வந்தது. நடு எங்கள் கரைக்குக் கிட்டே வந்துவிட்டது. சேற்றுப் பாட்டில் பெரும்பங்கு தீவுக்கு. பொழுது மறைவதற்குள் புதுக் கம்பும் நட்டாயிற்று. தாம்பாளமும் தீவுக்கே திரும்பிப் போயிற்று, புது வெற்றிலையோடு. 

எங்கள் ஊர் அக்காவைச் சும்மா விடவில்லை. "ஊரு சோத்துல மண்ணப் போட்டுட்டு மால மாத்தப் போறா" என்று காதுபடவே சொன்னார்கள். சொன்னவர்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் நானும் ஒன்றாகத்தான் நத்தை பொறுக்கினோம், அந்தப் பிள்ளைகள் உலையில் போடத்தான் பொறுக்கினார்கள் என்று எனக்குத் தெரியும். நைனா அக்காவோடு பேசவே இல்லை. சோறு வைத்தால் தின்றார். புடவை எடுத்துவந்து அத்தையிடம் கொடுத்தார். அவள் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. 

ஊரார் முன்னால் மகள் மானத்தை வாங்கிவிட்டாள், அந்தக் கோபம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் வெகுகாலம் அப்படியே நினைத்தேன். அப்படி இருக்காது என்று இப்போது தோன்றுகிறது. கொடி நகர்ந்தது என்று அக்கா சொன்னபோது, "நிஜமா?" என்று அவர் கேட்கவில்லை, கவனித்தீர்களா? ஏன் பார்த்தாய் என்றுதான் கேட்டார். முப்பது வருஷம் தினமும் அந்தத் தண்ணீரில் கோல் ஊன்றினவர். தீவு எத்தனை தள்ளலில் வரும் என்று அவர் தோளுக்குத் தெரியாதா? கம்பு தப்பான இடத்தில் நிற்கிறது என்று முதல் நாளே தெரிந்திருக்கும். துரை சொன்னது ஊருக்கு நல்லதாகப் போயிற்று, நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று இருந்துவிட்டார். பெண்ணா, ஊர்ப் பசியா என்று வந்தபோது ஊர்ப் பசியைப் பார்த்தார். அதை வெளியே சொல்லவும் முடியாது. அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இப்போது பாவமாக இருக்கிறது. அதைச் சொல்ல அவர் இப்போது இல்லை. 

பங்குனியில் கல்யாணம். பெண்ணைத் தீவுக்கு அழைத்துப்போய் அங்கே தாலி. விடிந்து பனி இன்னும் கலையவில்லை. ஏரி பாலாக இருந்தது. எங்கள் படகில் முன்னணியத்தில் அக்கா, மஞ்சள் பூசின முகமும் அரக்குப் புடவையுமாக, தீவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நானும் அத்தையும் நடுவில். பின்னணியத்தில் நைனா நின்று கோல் ஊன்றினார். மற்றப் படகுகள் பின்னால் வந்தன. கோலில் இருந்து வழிகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும். எதிரே தீவு ஆட்கள் மேளத்தோடு படகு கட்டிக்கொண்டு எங்களை அழைக்க வந்துகொண்டிருந்தார்கள். மேளம் பனிக்குள்ளிருந்து வந்தது, படகு தெரியவில்லை. 

புதுக் கம்பு வந்தது. நைனா சட்டென்று கோலைச் சேற்றில் அழுத்திப் படகை நிறுத்தினார். பின்னால் வந்தவை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. பனி விலகி எதிரே அவர்கள் படகுகள் தெரிந்தன. எங்களைப் பார்த்து அவர்களும் நின்றார்கள். மேளம் நின்றது. திருப்பிக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒரு முகத்திலும் ரத்தமில்லை. அத்தை என் கையை நசுக்கினாள். 

அடுத்த ஊர்ப் பாட்டுக்குள் நுழைகிறவன் குரல் கொடுத்துக் கேட்க வேண்டும், அந்த ஊர் ஆள் யாராவது பதில் சொன்னால்தான் கோல் ஊன்ற வேண்டும் என்பது ஏரியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த இடத்தில் நைனா அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அது அவர் தண்ணீராகத்தான் இருந்தது. 

"வரலாமா?" என்றார் நைனா. 

பாதிக் குரல்தான் வந்தது. எதிர்ப்படகில் யாருக்கும் கேட்கவில்லையா, கேட்டும் வாய் வரவில்லையா தெரியாது. நாட்டார் கேட்கிறார், ஒருவரும் பதில் சொல்லவில்லை. தண்ணீர் படகைத் தட்டிக்கொண்டிருந்தது. நைனா கோலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். 

கம்பு எங்கள் படகின் நடுப்பக்கத்தில், நான் கை நீட்டினால் தொடுகிற இடத்தில் இருந்தது. முன்னணியம் அதைத் தாண்டிப் போயிருந்தது. அக்கா உட்கார்ந்திருந்தது தீவுத் தண்ணீரில். அவள் மெல்லத் திரும்பி, எங்கள் தலைக்கு மேலாக நைனாவைப் பார்த்தாள். 

"வாங்க நைனா" என்றாள். 

நைனா அவளைப் பார்த்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தார். 

"வரோம்மா" என்றார், அடுத்த ஊர்க்காரர்களிடம் பேசுகிற மரியாதையோடு. பிறகு கோலை ஊன்றித் தள்ளினார்.